வீட்டு வாசலும் சாலைச் செலவும்



மழைக் காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரிந்திருக்கும். பத்து கெஜம் போவதற்குள் சக்கரத்தில் சேறு அப்பிக்கொள்ளும். இறங்கி, குச்சி ஒன்றை ஒடித்துச் சேற்றைச் சுரண்டிவிட்டு மறுபடியும் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் வெள்ளைக் காலணி, தோட்ட வாசலைத் தாண்டுவதற்குள் சிவந்து போயிருக்கும். ஆனால் தோட்ட வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் கால் வைத்தவுடன் தார்ச்சாலை வந்துவிடும். மழையும் மண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வாசலுக்கு அந்தப் பக்கம் தார், இந்தப் பக்கம் சேறு. இது ஏன் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

‘மெயின் ரோடு அரசாங்கத்து ரோடு, தோட்டத்து ரோடு கம்பெனி ரோடு’ என்று நம் பெரியவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். பதில் சரியானதுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. ஒரு சாலையைப் போடவும், தேய்ந்த பிறகு மறுபடி தார் பூசவும் ஆகும் செலவை யார் தலையில் வைப்பது என்ற வழக்கின் வரலாறு அது. அந்த வாசலில் குடியிருப்பவர் கொடுப்பதா? ஊரில் உள்ள எல்லாரும் சேர்ந்து கொடுப்பதா? நாட்டின் கருவூலம் கொடுப்பதா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். எந்த விடை சொன்னாலும், அதனால் ஒரு சாராருக்குச் சாலை கிடைத்தது. மற்றொரு சாராருக்குச் சேறு மிஞ்சியது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டுச் சாலைச் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பழங்கால இங்கிலாந்தின் பட்டணங்களில் வழக்கம் எளிமையாக இருந்தது. அவரவர் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள தெருவை அவரவரே கல் பதித்துச் செப்பனிட வேண்டும். தெருவின் நடுவில் சாக்கடை ஓடும். வீட்டுச் சுவரிலிருந்து அந்தச் சாக்கடை வரை இந்த வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு அப்பால் எதிர்வீட்டுக்காரர் பொறுப்பு. நாட்டுப்புறத்தில் வேறு ஏற்பாடு. 1555ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி ஊரார் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். 1563இல் அது ஆறு நாளாக உயர்ந்தது. நிலம் படைத்தவர் வண்டியையும் மாட்டையும் அனுப்பினார். இல்லாதவர் தம் உடம்பைக் கொண்டுவந்தார். இதை நம் நாட்டுக் கோத்தோங் ரோயோங் போன்றது என்று நினைத்துவிடக் கூடாது. கோத்தோங் ரோயோங் மனமுவந்து செய்வது. இது வராவிட்டால் தண்டம் விதிப்பது. இந்தக் கட்டாய உழைப்பு 1835ஆம் ஆண்டு வரை நீடித்தது.

‘உன் வாசலை நீ பார்த்துக்கொள்’ என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லண்டன் போன்ற பெரிய பட்டணத்தில் அது எப்படி நடந்தது? பணக்காரர் நல்ல கல் பதித்தார். ஏழை உடைந்த கல்லைப் போட்டார். காலி வீட்டுக்கு முன்னால் பள்ளமே மிஞ்சியது. ஒருவர் தம் வாசலை உயர்த்தினால் பக்கத்து வாசலில் தண்ணீர் தேங்கியது. வண்டிக்காரருக்கோ, இருபது வீட்டைக் கடப்பதற்குள் இருபது விதமான மேடு பள்ளம்.

இதற்கு முடிவு கட்ட 1762இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு ஒரு சட்டம் பிறந்தது. தெருவைச் செப்பனிடும் வேலையை வீட்டுக்காரர்களிடமிருந்து எடுத்து, ஆணையர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். வீட்டுக்காரர்கள் கல் பதிக்க வேண்டாம். அதற்குப் பதில் வரி கட்டினால் போதும். குழு ஒரே மாதிரியான கருங்கல்லைப் பதித்தது. தெரு நடுவில் ஓடிய சாக்கடை இரு ஓரங்களுக்கு மாறியது. நடப்பவர்களுக்குத் தனியாக உயர்ந்த நடைபாதை வந்தது. அவரவர் வாசல் என்ற நிலை போய், ஊரின் தெரு என்ற நிலை வந்தது. இன்று நாம் கட்டும் வீட்டு வரியின் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

ஆனால் வழக்கு அத்துடன் தீரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் வேகமாக வளர்ந்தன. நிலச் சொந்தக்காரர்கள் வயலைத் துண்டு போட்டு வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டி விற்றார்கள். வீட்டை விற்றார்களே தவிர, வீட்டுக்கு முன்னால் இருந்த சேற்றைக் கவனிக்கவில்லை. ‘இந்தச் சாலையை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று வீடு வாங்கியவர்கள் கேட்டார்கள். ‘யாரோ ஒருவர் இலாபத்துக்காகத் திறந்த சாலைக்கு ஊரார் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?’ என்று வரி கட்டுவோர் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

சட்டம் ஒரு சமரசம் செய்தது. புதிதாகத் திறக்கும் சாலை தானாகவே ஊர்ச் சாலை ஆகிவிடாது என்று 1835ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், 1892ஆம் ஆண்டின் தனியார் சாலைப் பணிச் சட்டமும் வழிமுறையை வகுத்தன. சாலையை நோக்கி நிலம் வைத்திருப்பவர்களை இங்கே முகப்புக்காரர்கள் என்று அழைப்போம். முதல் தடவை சாலையை ஒழுங்காகப் போடும் செலவை முகப்புக்காரர்கள் ஏற்க வேண்டும். அதன்பின் நகராண்மைக் கழகம் அதைப் பொதுச் சாலை என்று அறிவித்துவிடும். அன்றிலிருந்து பராமரிப்பு ஊரின் பொறுப்பு.

செலவை எப்படிப் பங்கு போடுவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் நாற்பது வீடுகள். அவற்றில் முப்பத்தாறு வீடுகளுக்கு முகப்பு இருபது அடி. மூலையில் உள்ள நான்கு வீடுகளுக்கு நாற்பது அடி. மொத்த முகப்பு 880 அடி. சாலை போட 44,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு ஐம்பது வெள்ளி. ஆக, நடுவீட்டுக்காரர் ஆயிரம் வெள்ளியும் மூலைவீட்டுக்காரர் இரண்டாயிரம் வெள்ளியும் கட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு சமம் என்று பிரித்தால் ஆளுக்கு 1,100 வெள்ளி. மூலைவீட்டுக்காரருக்கு இது இலாபம். மற்றவர்களுக்கு நூறு வெள்ளி நட்டம். வீட்டின் மதிப்பை வைத்துப் பிரித்தால் கணக்கு இன்னொரு மாதிரி வரும். தெருவில் ஒரு விதவைத் தாயார் இருக்கிறார், அவரிடம் வண்டியே கிடையாது. பக்கத்து வீட்டிலோ மூன்று லாரி நிற்கிறது என்றால், எந்தக் கணக்கும் முழு நியாயம் ஆகாது. இதனால்தான் 1892ஆம் ஆண்டுச் சட்டம், முகப்பின் நீளத்தோடு, ஒவ்வொரு நிலத்துக்கும் கிடைக்கும் நன்மை கூடுதலா குறைவா என்பதையும் பார்த்துப் பங்கு போடலாம் என்று இடம் கொடுத்தது.

இந்தச் சட்டக் கருத்துகள் ஆங்கிலேயரோடு கப்பலேறி நம் பக்கம் வந்தன. ஆனால் அவை வந்து சேர்வதற்கு முன்பே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாலைகள் உருவாகிவிட்டன. அவற்றின் செலவை ஏற்றது யார்?

1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் கால் பதித்தார்கள். சுங்க வரி இல்லாத துறைமுகங்கள் என்பதால் கருவூலத்தில் பணம் குறைவு. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் தண்டனை பெற்ற கைதிகளை நாடு கடத்திக் கொண்டுவந்து சாலை வேலையில் இறக்கினார்கள். சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் 1825இல் வந்தார்கள். அந்த ஏற்பாடு 1873இல் முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் காட்டை வெட்டியதும், சதுப்பைத் தூர்த்ததும், கல்லை உடைத்ததும் அவர்களே. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழும்பியதும் அவர்கள் உழைப்பில்தான். அந்தச் சாலைகளில் எத்தனையோ முகப்புக்காரர்கள் பின்னாளில் செல்வந்தர் ஆனார்கள். முதல் செலவை வெள்ளியில் கொடுத்தவர்கள் இவர்கள் அல்லர். உடம்பால் கொடுத்தவர்கள் கைதிகள்.

1856இல் இந்திய அரசாங்கம் இயற்றிய நகராண்மைச் சட்டங்கள் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் பொருந்தின. 1857இல் ஜார்ஜ் டவுனில் நகராண்மை ஆணையர்கள் பொறுப்பேற்றார்கள். வீட்டின் ஆண்டு மதிப்பைக் கணக்கிட்டு அதன்மேல் வரி வாங்குவது, அந்த வரியில் தெரு, விளக்கு, சாக்கடை வேலைகளைச் செய்வது என்ற முறை வேரூன்றியது. கோலாலம்பூரில் 1890இல் சுகாதார வாரியம் அமைந்தது. பின்னர் வந்த நகராண்மைச் சட்டங்களில், தனியார் சாலைக்கு முகப்புக்காரரே பொறுப்பு என்ற ஆங்கிலேயக் கருத்தும் ஏறியது.

வாசல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்ற சண்டையும் கூடவே வந்தது. பட்டணத்துக் கடைவரிசையில் நாம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கிறோமே, அந்தக் காக்கி லீமா என்னும் ஐந்தடிப் பாதையைக் கட்டியவர் கடைச் சொந்தக்காரர். நடக்கும் உரிமையோ ஊராருக்கு. 1822இல் சிங்கப்பூரின் நகர அமைப்புக்காக ராபிள்ஸ் கொடுத்த கட்டளையில் இது இருக்கிறது. கடைக்காரர்கள் அந்த இடத்தில் சரக்கை அடுக்கினார்கள். நகராண்மை ஆணையர்கள் அதை அகற்றச் சொன்னார்கள். 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூரில் இதற்காகவே கடையடைப்பும் கலகமும் மூண்டன. ஐந்தடி இடத்துக்காக ஒரு நகரமே கொதித்தது என்றால், வாசலும் தெருவும் சேரும் இடம் எவ்வளவு நுட்பமான இடம் என்று பாருங்கள்.

நகரங்களுக்கு வெளியே என்ன நடந்தது? மலாய் மாநிலங்களில் பெரிய சாலைகளை அரசாங்கமே போட்டது. பொதுப்பணி இலாகாவின் கீழ் அந்த வேலையைச் செய்தவர்களில் நம் தமிழர்கள் மிகப் பலர். கல் உடைத்ததும், கொதிக்கும் தாரை ஊற்றியதும், சாலையோரப் புல்லை வெட்டியதும் அவர்கள். பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ஈயத்தின் ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது. அதாவது நாட்டின் பொதுக் கருவூலம் கொடுத்தது. ஆனால் பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் போகும் சாலை தனியார் நிலத்துச் சாலை. அதைப் போடுவதும் போடாததும் கம்பெனியின் விருப்பம். பால் லாரி போகும் அளவுக்கு இருந்தால் கம்பெனிக்குப் போதும். லயத்தில் குடியிருப்பவர் முகப்புக்காரர் அல்லர். வீடு அவருடையது அல்ல. அவரிடம் யாரும் சாலைக்குப் பங்கு கேட்கவில்லை. பங்கு கேட்காததால், எப்படிப்பட்ட சாலை வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை.

நேயர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பவரைக் கேட்டுத்தான் சாலை என்றால், பணம் கொடுக்க முடியாதவரின் கதி என்ன? இதைத் தெளிவாகப் பார்க்க நாம் அமெரிக்கா வரை ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால், முகப்புக்காரரிடம் சாலைப் பங்கு வாங்கும் முறை உலகில் மிக விரிவாக வேர்பிடித்தது அங்கேதான். புதுச் சாலைக்கு மட்டுமல்ல, பழைய சாலைக்கு மேல்தார் பூசுவதற்குக்கூட வீட்டுக்காரருக்குத் தனிச் சீட்டு அனுப்பும் நகரங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன.

1691இலேயே நியூயார்க் குடியேற்றத்தில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. லண்டன் 1666இல் தீக்கிரையான பிறகு, நகரைத் திரும்பக் கட்ட எழுதிய சட்டத்தின் சாயல் அதில் இருந்தது. சாலையால் யாருடைய நிலத்தின் மதிப்பு ஏறுகிறதோ அவரே செலவில் பங்கு கொடுக்கட்டும் என்பதே அதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் நியாயம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஒஹையோ மாநிலத்தில் நார்வூட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓர் அம்மையாரின் நிலத்தின் நடுவே புதுச் சாலை திறக்க ஊராட்சி முடிவு செய்தது. நிலத்துக்கு இழப்பீடாக 2,000 டாலர் என்று தீர்ப்பாயிற்று. பிறகு ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? சாலையின் இரு பக்கமும் மிஞ்சிய நிலம் அந்த அம்மையாருடையதே. ஆகவே முகப்புக்காரர் அவர் ஒருவரே. ஆகவே அந்த 2,000 டாலரையும், வழக்குச் செலவையும் சேர்த்து அவரே கட்ட வேண்டும் என்று சீட்டு அனுப்பியது. நிலத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்ட கதை! 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. நிலத்துக்குக் கிடைக்கும் தனி நன்மையைவிட மிக அதிகமாகப் பணம் வாங்கினால், அது இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள், 1901இல், கான்சாஸ் சிட்டி நகரத்துச் சாலை ஒன்றைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் முகப்பு அடிக்கு இவ்வளவு என்று பங்கு போடுவதை அனுமதித்தது. ஆகவே முறை நிலைத்தது, சச்சரவும் நிலைத்தது.

மினசோட்டா மாநிலத்தில் இந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அங்கே சட்டம் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. வேலைக்கு முன் வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பொதுக் கூட்டம் கூட்டி மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். வாங்கும் பங்கு, சாலையால் அந்தச் சொத்தின் சந்தை மதிப்பு உயர்ந்த அளவை மீறக் கூடாது. எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தவர், முப்பது நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். பணத்தைத் தவணையில் கட்டலாம். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, கட்ட முடியாத முதியவர்களுக்கு ஒத்திவைக்கவும் நகரம் இடம் கொடுக்கலாம்.

அந்த மாநிலத்தின் தலைநகரான செயின்ட் பால், இந்தப் பாதுகாப்புகளுக்கு வெளியே ஒரு வழி கண்டது. சாலையைக் கூட்டுவது, பனியை அள்ளுவது, மேல்தார் பூசுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து முகப்பு அடிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வாங்கியது. ‘இது வரி அல்ல, கட்டணம்’ என்று பெயர் வைத்தது. கட்டணம் என்றால், வரிவிலக்குப் பெற்ற தேவாலயங்களும் கட்ட வேண்டும். நன்மை எவ்வளவு என்று காட்டவும் தேவையில்லை. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், பெயர் எதுவானாலும் இது வரிதான் என்று சொல்லிவிட்டது. ஊராருக்கெல்லாம் பயன்படும் சாலைக்கு, முகப்புக்காரரிடம் மட்டும் அப்படி வாங்க முடியாது. பிறகு நகரம் வேறு வழி தேடியது. 2023இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு, சாலைக்கும் பூங்காவுக்கும் என்று ஒரு விழுக்காடு விற்பனை வரி போட்டது. வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் சுமந்த பாரம், கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவர் மேலும் பரவியது. வீடு இல்லாத ஏழையும் இப்போது பங்கு கொடுக்கிறார். ஆனால் அவர் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. அவரையும் கேட்டுத்தான் போட்டார்கள்.

இனி, நான் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பருத்தித் தோட்டங்களின் பூமி. அங்கே அலபாமா மாநிலத்தில் பிராட்வில் என்ற ஊரில், கறுப்பின மக்களின் தெருக்களில் செப்பனிடாதவை அதிகம் இருந்தன. அவர்கள் தொடுத்த வழக்கில் 1970இல் தீர்ப்பு வந்தது. பூங்கா போன்ற சில வசதிகளில் பாகுபாடு நடந்ததை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் சாலை விஷயத்தில் அவர் சொன்ன பதில் வேறு. அந்த ஊரில் சாலை முகப்புக்காரர்களின் பங்குப் பணத்தில் போடப்படுகிறது. பங்கு கொடுக்க முடிந்தவர்கள், விரும்பியவர்கள் தெருவில் சாலை வந்தது. மற்ற இடத்தில் வரவில்லை. ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்றார்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்று இன்னொரு சிற்றூர். சுமார் 2,500 பேர். அவர்களில் 1,500 பேர் கறுப்பின மக்கள். செப்பனிடாத தெருக்களில் இருந்த வீடுகளில் ஏறக்குறைய 98 விழுக்காடு அவர்களுடையவை. ஆனால் இந்த ஊர் சாலைகளைப் பொது வரிப் பணத்தில் போட்டது. ஆகவே, ‘அவர்கள் பங்கு கொடுக்கவில்லை’ என்று சொல்ல வழியில்லை. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாருடைய வரியிலும் போடும் சாலை எல்லாருக்கும் வந்தாக வேண்டும் என்ற முறையில் அந்த மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டு ஊரிலும் மக்கள் ஒரே மாதிரியான ஏழைகள்; இரண்டு ஊரிலும் ஒரே சேறு. ஓர் ஊரில் தோல்வி, ஓர் ஊரில் வெற்றி. இரண்டையும் பிரித்தது ஒன்றே ஒன்றுதான்: சாலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது. பணம் முகப்பிலிருந்து வந்தால், முகப்பும் பணமும் இல்லாதவர் நியாயம் கேட்க இடமில்லாமல் போகிறது. பணம் பொதுவிலிருந்து வந்தால், அவருக்கும் கேட்க உரிமை பிறக்கிறது. நம் லயத்துச் சேற்றுக்கும் மெயின் ரோட்டுத் தாருக்கும் இடையே இருந்த வேற்றுமையும் இதுவே அல்லவா?

சரி, நம் நாட்டில் இன்று நிலைமை என்ன? 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் இப்போது வழிகாட்டுகின்றன. பொதுச் சாலையின் மேல்தாருக்கு இங்கே வாசலுக்கு வாசல் தனிச் சீட்டு வருவதில்லை. நாம் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்தும், அரசாங்க மானியத்திலிருந்தும் அந்தச் செலவு நடக்கிறது. மாநிலங்களுக்குக் கூட்டரசு சாலை மானியம் கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் அரசியல் சட்டத்திலேயே, 109ஆம் விதியில், எழுதியிருக்கிறது. பதிவேட்டில் ஏறிய சாலைகளின் நீளத்தைப் பார்த்தே அந்த மானியம் வருகிறது.

ஆனால் பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் சாயல் போய்விடவில்லை. ஊராட்சி ஏற்றுக்கொள்ளாத சாலை தனியார் சாலையே. அதைச் செப்பனிடும்படி முகப்புக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கவும், செய்யாவிட்டால் தானே செய்து செலவை அவர்களிடம் வாங்கவும் ஊராட்சிக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது.

இது நம் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம்? பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறியவர்கள், தலைமுறையில் முதல் முறையாகச் சொந்த வீடு வாங்குகிறார்கள். நேற்று வரை சாலையைப் பற்றிப் பேச இடமில்லாதவர், இன்று சாவி வாங்கிய மறுகணமே முகப்புக்காரர் ஆகிவிடுகிறார். உரிமையும் வருகிறது, பொறுப்பும் வருகிறது. ஆகவே வீடு வாங்குமுன் கூரையையும் குழாயையும் பார்ப்பதோடு ஒரு கேள்வியையும் கேளுங்கள்: ‘இந்தச் சாலையை மேம்பாட்டாளர் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டாரா?’ வாய் வார்த்தையை நம்பாமல் ஊராட்சி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்படைக்காத சாலையில் பள்ளம் விழுந்தால், பொறுப்பு உங்கள் வாசலுக்கே வரக்கூடும்.

வரிச் சீட்டையும் படிக்கப் பழகுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதே ஆண்டு மதிப்பு. எடுத்துக்காட்டாக, மாதம் 500 வெள்ளி வாடகை என்றால் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வரி விகிதம் ஐந்து விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 300 வெள்ளி. அதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 150 வெள்ளியாகக் கட்டலாம். சட்டம் அனுமதிக்கும் உச்ச விகிதம், ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு. ஊராட்சி புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியிடும்போது உங்களுக்கு அறிவிப்பு வரும். மதிப்பு அதிகம் என்று பட்டால், அறிவிப்பில் குறித்துள்ள நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதன் முடிவும் சரியில்லை என்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். சீட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் உரிமையும் அதற்குள்ளேயே மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரி கட்டுபவருக்கு வாக்கும் வேண்டும் என்பது பழைய நியாயம். ஜார்ஜ் டவுனில் 1951இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1965இல் நாட்டின் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சிகளை ஆராய அமைந்த அரசாணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்; செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். அவருடைய குழு 1968இல் முடித்த அறிக்கை, ஊராட்சியை நடத்துபவர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களை நியமிக்கும் முறையையே கொண்டுவந்தது. வாக்கு இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. குடியிருப்பாளர் சங்கம், ஊராட்சி உறுப்பினர், எழுத்து மூலமான புகார் ஆகிய கதவுகள் நமக்குத் திறந்தே இருக்கின்றன.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களுக்கு வழி என்ன? வீடும் குடிநீரும் ஒழுங்காகத் தர வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு என்று தொழிலாளர் வீடமைப்புச் சட்டங்கள் 1966ஆம் ஆண்டிலிருந்தே சொல்லி வருகின்றன. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. சாலையைப் பொறுத்தவரை, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போகும் பாதை தோட்ட நிலத்தில் இருக்கும் வரை அது நிருவாகத்தின் கையில். அதைப் பொதுச் சாலையாக்க வேண்டுமென்றால், முதலில் நிலத்தை விட்டுக் கொடுக்க நிருவாகம் இணங்க வேண்டும். பிறகு அரசாங்கம் ஏற்க வேண்டும். இது ஒருவர் கேட்டு நடக்கும் காரியம் அல்ல. தொழிற்சங்கமும், பள்ளிப் பெற்றோர் சங்கமும், ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து, யாருடைய நிலம், யாருடைய பொறுப்பு என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டிய காரியம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்ட மனுக்கள்தாம் பெரும்பாலும் மேசைக்கு மேசை அலைகின்றன.

நேயர்களே, நம் முன்னோர் இந்த நாட்டில் கல் உடைத்துப் போட்ட சாலைகள் ஏராளம். அவற்றின் ஓரத்தில் அவர்களுக்கென்று ஓர் அடி முகப்பும் இருந்ததில்லை. அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் வாசலில் இன்று சாலை வந்து நிற்கிறது. அடுத்த முறை வீட்டுக்கு வரிச் சீட்டு வரும்போது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். நாம் கொடுக்கும் காசு எந்தச் சாலைக்குப் போகிறது என்று அந்தப் பிள்ளை கேட்கட்டும். விடை தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.